பூட்டுக்கு வைத்த பொட்டு

“அவன் பேச்ச எடுக்காதன்னு சொல்லுதேன், நீ—”

“எடுப்பேன். எடுத்துட்டுத்தான் மறு வேலை. காலைல பேட்டையில போலீசு ஜீப்பு வந்து—”

“ஏட்டி, முழுசாக் கேளு—”

“—பல்லு வெளக்கிட்டு நின்னவன ஏத்திட்டுப் போயிருக்கு. வாய்ல நுரையோட. அவன் பொண்டாட்டி லில்லி இந்தா, இந்த வாசல்ல நின்னு அழுதுட்டு இப்பத்தான் போறா. நீங்க என்னடான்னா சொதிக்கு இன்னொரு கரண்டி கேக்கிய.”

“சோத்துக்கும் கேசுக்கும் என்னட்டி சம்பந்தம்?”

சித்ரலேகா கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டாள். தேங்காயில் மூன்று பால் எடுத்து, முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் போட்டு, இஞ்சிச் சாறு விட்டு இறக்கிய சொதி. அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போதே போனில், “வந்ததும் சொதி வச்சிரு” என்று அண்ணன் உத்தரவு போட்ட சொதி. தங்குவதற்கு மட்டும் அவருக்குத் தங்கச்சி வீடு ஆகாது. கக்கூஸ் சரியில்லை, கொசு, கரண்ட் நிற்காது. ஜங்ஷனில் ஏசி லாட்ஜில் அறை. சாப்பாட்டு நேரத்துக்கு டவுனுக்குக் கார். கையில் எந்நேரமும் ஒரு பாட்டில் தண்ணீர். மூடி உடைகிற சத்தம் காதில் விழுந்தால்தான் வாயில் ஊற்றுவார். தாமிரவருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த தொண்டைதான் அது. இப்போது ஆகாதாம். சொதிக்கு ஊற்றியது எந்தத் தண்ணீர் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

“கேசு குடுத்தது ஆரு?” என்றாள்.

“கம்பெனி.”

“கம்பெனிக்கு வாய் இருக்கா? பேட்டையில இன்ன தெருவுல பாக்கியசீலன்னு ஒருத்தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கான்னு கம்பெனி கனாக் கண்டுச்சா?”

அண்ணன் குமரகுருபரன் விரலை நக்கினார். அதற்கப்புறம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அந்த விரலையே துடைத்தார். பத்திரமாகப் பேசத் தொடங்கினார், ஏதோ கூட்டத்தில் பேசுகிற மாதிரி.

“சித்ரா, இதுல உன் பேர் எங்கயும் வரவிடாமப் பாத்திருக்கேன். வக்கீல்ட்ட கண்டிஷனாச் சொல்லிட்டேன். நியாயமாப் பாத்தா நீ எனக்கு நன்றி சொல்லணும்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முகத்தையா ஊரே கூடிப் பாராட்டப்போகிறது என்று தோன்றியது.

ஊர் கூடத்தான் போகிறது. அன்று சாயந்திரம், அவர் படித்த பள்ளிக்கூடத்தில், பழைய மாணவர் சங்கத்தின் சார்பில் விழா. பொன்னாடை, நினைவுப் பரிசு, சிறப்பு மலர். அந்த மலரை எழுத்துக் கோத்தது சித்ரலேகாவின் கடைதான். கணவர் நடராஜ் தவறிப்போன பிறகு வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் போட்டு அவள் நடத்துகிற டி.டி.பி. சென்டர். சாத்தான்குளம் வரைக்கும் கல்யாணப் பத்திரிகை அங்கிருந்துதான் போகும். கருமாதிக் கார்டும் போகும். அதில்தான் அவள் அடுப்பு எரிகிறது.

மலரில் முதல் கட்டுரை அண்ணனின் வாழ்க்கை வரலாறு. எழுதியது யார் என்றால், அண்ணனேதான். பெயர் மட்டும் சங்கச் செயலாளருடையது. அமெரிக்காவிலிருந்து கூரியரில் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஏற்றியவள் இவள். ‘டிஜிட்டல் உரிமைக் காப்புத் துறையின் முன்னோடி’ என்று தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருந்தார். கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, “அதென்ன துறைக்கா, துறைமுகமா?” என்று கேட்டால், “பூட்டு யாவாரம்” என்பாள். அவ்வளவுதானே விஷயம்? முதலில் பிளாப்பியில் யாரும் நகல் எடுக்க முடியாதபடி ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தாராம். பிறகு கம்ப்யூட்டரின் முதுகில் மாட்டுகிற லாக்கு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அது மாட்டியிருந்தால்தான் புரோகிராம் திறக்கும். அதைச் செய்து வைஸ் பிரசிடெண்ட் ஆனார். இனிமேல் பாட்டு, படம், புத்தகம் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுமாம். உலகத்தில் மனுஷன் காதால் கேட்பது கண்ணால் பார்ப்பது எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டுச் சாவியைக் கம்பெனி வைத்துக்கொள்ளுமாம். சோத்தை ஆக்கியவனும் பட்டினி, தின்கிறவனும் பட்டினி, நடுவில் சட்டிக்கு மூடி விற்றவன் வீட்டில் விருந்து என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கட்டுரையில் அதையா சேர்க்க முடியும்?

ஆனால் ஒரு வரி வந்த இடத்தில் அவள் விரல் நின்றுபோனது. ‘வறுமையிலும் நூலகத்தில் தவம் கிடந்து, தன் சொந்த முயற்சியால் கற்றார்.’

நூலகமாம். தவமாம்.

அவர் இன்ஜினீயரிங் படித்தபோது ஒரு வெளிநாட்டுப் புத்தகம் தேவைப்பட்டது. விலைக்கு வாங்க வழியில்லை. தீபாவளி லீவுக்கு மட்டும் என்று ஒரு புரொபசரிடம் கெஞ்சி இரவல் வாங்கி வந்தார். வந்தவர் அதைத் தங்கச்சியிடம் கொடுத்தார். சித்ரலேகா அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குத்தான் அழகான எழுத்து. “அப்படியே எழுதிருட்டி, ஒண்ணு விடாம” என்றார். லீவு முழுக்க எழுதினாள். தீபாவளிப் புதுப்பாவாடையில் மை கொட்டியது அப்போதுதான். என்ன எழுதுகிறோம் என்று ஒரு எழுத்தும் புரியாது; படத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி எழுதினாள். காலையில் அவர் எழுந்து வருவார். “எழுத்து புரியல, வாசிச்சுக் காட்டு” என்று கட்டிலில் சாய்ந்துகொள்வார். எழுத்து புரியாமல் என்ன, சோம்பல். அவள் தத்தித் தத்தி இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்த நோட்டுகளை வைத்துத்தான் பாஸானார், பாஸானதால் வேலை, வேலையால் விமானம்.

ஒண்ணு விடாம என்று சொன்னாரே, அவள் விடவில்லை. அட்டையைத் திருப்பியதும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. வட்டத்துக்குள் ஒரு ‘சி’. சட்டைப் பொத்தானை வைத்து வட்டம் வரைந்து, உள்ளே ‘சி’ எழுதி, பக்கத்திலிருந்த வாக்கியங்களையும் முத்து முத்தாக எழுதி வைத்தாள். அது என்னவென்று தெரிந்தது கடை போட்ட பிறகுதான். அண்ணன் அனுப்பிய தமிழ் எழுத்துப் புரோகிராமோடு வந்த கையேட்டில் அதே வாக்கியம் இருந்தது. இந்நூலின் எந்தப் பகுதியையும் எந்த வகையிலும் நகல் எடுக்கக் கூடாது. எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தல்லவா எடுத்திருக்கிறோம் என்று அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அந்தப் புரோகிராம் அண்ணன் கொடுத்த சீர். கூடவே லாக்கும் வந்தது. அவருடைய கம்பெனி லாக்கு. “இத உயிர் மாதிரிப் பாத்துக்கோ. இது போச்சுன்னா எல்லாம் போச்சு” என்று சொல்லிக் கொடுத்தார். அவளும் உயிர் மாதிரித்தான் பார்த்துக்கொண்டாள். வினை அதில்தான் வந்தது.

சரஸ்வதி பூஜை அன்று கடையைக் கழுவி, மானிட்டருக்கு மாலை போட்டு, பிரிண்டருக்கு விபூதிப் பட்டை அடித்து, கீபோர்டில் பூ வைத்தாள். உயிரை மட்டும் முதுகுப்பக்கம் இருட்டில் விட்டுவைக்க மனம் வருமா? கழற்றி எடுத்துத் துடைத்துப் புத்தக அடுக்கின்மேல் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தாள். பொட்டு வைக்க வேண்டும். எந்தப் பக்கம் முகம்? ஒரு பக்கம் மொழுக்கென்று இருந்தது. இன்னொரு பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், கண்ணும் மூக்கும் வாயும் மாதிரி. அதுதான் முகம் என்று நினைத்து, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து மாட்டினால், லாக்கைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. காய்ந்த சந்தனம் ஓட்டைக்குள் சிமெண்டாக இறுகிவிட்டது. ஊக்கால் குத்தினாள். ஊக்கு போன இடத்தில் ஏதோ நொறுங்கியது. செத்தேபோனது.

மலரின் பக்கங்கள் அத்தனையும் உள்ளே. அச்சுக்குப் போக வேண்டிய நேரம். அண்ணன் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்.

“நீங்க செஞ்ச பூட்டுதான, நீங்களே தொறந்து விடுங்களேன்” என்றாள்.

“அப்படித் தொறக்க முடிஞ்சா அது பூட்டே இல்ல” என்றார். முகத்தில் பெருமை. செத்த லாக்கைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் பரிசோதிக்க வேண்டும், சந்தேகம் தீர்ந்தால் புதியது வரும். வைஸ் பிரசிடெண்டின் தங்கச்சியானாலும் அதே வரிசைதான். “சிஸ்டத்துக்கு ஆளு தெரியாது சித்ரா. அதான் அதோட அழகு.”

அழகை ரசித்துக்கொண்டிருந்தால் மலர் வராது. அவள்தான் சொன்னாள், பேட்டையில் பாக்கியசீலன் என்று ஒருவன் இருக்கிறான், லாக்கு இல்லாமலே திறக்கிற பிளாப்பி அவனிடம் உண்டு என்று.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? “நீ இப்பச் சொன்னது என் காதுல விழல” என்றார். எழுந்து பின்கட்டுக்குப் போனார். பாக்கியசீலன் வந்தான். வாய் ஓயாத ஆள். மெட்ராஸில் எவனிடமோ வாங்கி வந்த பிளாப்பியைத் தானே கண்டுபிடித்ததுபோல் பேசுவான். “எக்கா, வெள்ளக்காரன் பூட்டு நம்மகிட்ட என்ன செய்யும்? வெரல வச்சா வாயத் தொறக்கும்” என்று அளந்துகொண்டே பிளாப்பியைச் சொருகினான். அவ்வளவு நேரமும் அண்ணன் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முருங்கை மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எழுத்துகள் திரையில் வந்து நின்றதும், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தார். ‘முன்னோடிகளில் ஒருவர்’ என்று அவள் மாற்றி வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, ‘முன்னோடி’ என்று திருத்தச் சொன்னார். அதற்குப் பிறகு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“தம்பிக்குக் கடை எங்கன இருக்கு?”

பாக்கியசீலனுக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காக்காரர் விசாரிக்கிறார்! அன்று சாயந்திரமே ஓடி வந்து பயோடேட்டா கொடுத்தான். அவளே தட்டிக் கொடுத்ததுதான். வீட்டு விலாசம், கடை விலாசம், இன்னின்ன புரோகிராமை எல்லாம் திறக்கத் தெரியும் என்கிற பெருமை, எல்லாம் அதில். அண்ணன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, “பாப்போம்” என்றார். ஒரு பிழை இல்லாமல் அந்த விலாசத்தைத் தட்டிக் கொடுத்தது தன் கைதான் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“எதுக்குண்ணே அவன?” என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. “அவன் இல்லாட்டி உங்க மலர் ஏது?”

“தெக்க ஒரு கேசு வேணும்னு கம்பெனி ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கு. நான் வந்திருக்கையில நடந்தா அதுக்கு ஒரு மரியாதை உண்டும்லா? ஆசியா முழுசுக்கும் என்னய ஹெட்டாப் போடப் போறாங்க.” இலையை மடித்தார். எதிர்ப்பக்கமாக மடித்தார், அதுவும் மறந்துபோயிருக்கிறது. “தப்பு பண்ணினவன் தப்பு பண்ணினவன்தான். இதுல சொந்தம், உதவி எல்லாம் பாக்கக் கூடாது.”

“அப்ப நீங்க பின்கட்டுல நின்னது?”

“காத்து வாங்குனேன்.”

கை கழுவப் போனார். பாட்டில் தண்ணீரில் கழுவினார். திரும்பி வந்து சொன்னார்: “நாலு மணிக்கு உனக்குக் கார் வரும். நல்ல பட்டா உடுத்து. நான் முன்னாடி கெளம்புதேன், பேட்டை ஸ்டேஷன்ல ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கு. கம்பெனி ஆளு போட்டாத்தான் கேசு நிக்குமாம்.”

“போடாதிய.”

“அது என் கையில இல்ல சித்ரா.”

“பின்ன பேனா ஆரு கையில இருக்கும்?”

கார் கதவு சாத்துகிற சத்தம்தான் பதிலாக வந்தது. லாட்ஜுக்குப் போய்க் கோட்டு மாட்டிக்கொண்டு வருவாராக இருக்கும்.

சித்ரலேகா சொதிச் சட்டியை மூடினாள். முன்னறைக்கு வந்து நின்றாள். மூலையில் மலர்க் கட்டு. மற்ற கட்டுகளெல்லாம் காலையிலேயே விழா ஹாலுக்குப் போய்விட்டன. வழுவழு அட்டையில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். கம்ப்யூட்டர்மேல் துணி மூடியிருந்தது. இந்த ஒரு பெட்டிதான் அவளுக்கு. இதை எடுத்துப் போய்விட்டால் நாளைக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? வாயை மூடிக்கொண்டு பட்டுச்சேலை உடுத்தி முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஒன்றும் போகாது. அண்ணன் அதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், நன்றி சொல்லணும் என்று. காலையில் லில்லி அழுதபோது ஒரு வார்த்தை சொன்னாள்: “எக்கா, நீங்க கூப்பிட்டுத்தான அவுக வந்தாவ.” குற்றமாகச் சொல்லவில்லை. நியாயம் கேட்கத் தெரிந்த இடம் அது ஒன்றுதான் என்பதுபோலச் சொன்னாள்.

பூஜை அலமாரியில் லாக்கு இருந்தது. செத்ததைத் தூக்கிப் போட மனமில்லாமல், சரஸ்வதி படத்துக்குக் கீழேயே வைத்திருந்தாள். எடுத்து முந்தானையில் முடிந்தாள். ஒரு மலரை உருவிக்கொண்டாள். உடுத்தியிருந்த சேலையோடு பேட்டை பஸ்ஸில் ஏறினாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் ஐயம்பெருமாள் மேசையைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்காக்காரர் வரப்போகிறார் என்று உடுப்பெல்லாம் புதுக்கஞ்சி. இவளைப் பார்த்ததும் எழுந்தார். “வாங்கம்மா, சாரோட தங்கச்சில்லா நீங்க? விழாவுக்கு நானும் வாரேன், பந்தோபஸ்து நம்மதான்.”

சுவரோரம் பாக்கியசீலன் தரையில் உட்கார்ந்திருந்தான். கைலி, பனியன். கடைவாயில் பேஸ்ட் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. இவளைக் கண்டதும் முகம் விரிந்தது.

“எக்கா! நீங்க வருவியன்னு தெரியும். சார்ட்ட சொல்லிட்டியளா?”

“என்னத்தச் சொல்ல?”

“அவுகளுக்குத் தெரியாம நடந்திருக்கும்க்கா. தெரிஞ்சா விடுவாவளா? கம்பெனியில கீழ உள்ளவன் எவனோ செஞ்ச வேலை.”

“ஏலே, உன்னப் புடிச்சுக் குடுத்ததே அவுகதான். உன் பயோடேட்டாவ வச்சுத்தான் போலீசு விலாசம் கண்டுச்சு.”

அவன் சிரித்தான். “சும்மா இருங்கக்கா. ‘பாப்போம்’ன்னு சொன்னாவள்லா.”

அவளுக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. இத்தனை பேசுகிறவனுக்கு இது ஒன்று மட்டும் மண்டையில் ஏறவில்லையே. எத்தனை பூட்டைத் திறந்து என்ன?

ஐயம்பெருமாள் பக்கம் திரும்பினாள். “ஒரு வெள்ளத்தாள் குடுங்கய்யா. பேனாவும்.”

உட்கார்ந்து எழுதினாள். பாக்கியசீலனைத் தன் கடைக்கு அழைத்தவள் தானே. பிளாப்பியைப் போடச் சொன்னவளும் தானே. அந்த நகல் இன்றைக்கும் தன் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை வைத்துக் கோத்த புத்தகம் இது. அந்த நேரத்தில் புகார் கொடுத்த கம்பெனியின் வைஸ் பிரசிடெண்ட் குமரகுருபரன் அதே வீட்டின் பின்கட்டில் நின்றார். பக்கம் திறந்ததும் உள்ளே வந்து தன் வாழ்க்கை வரலாற்றில் இன்ன வார்த்தையைத் திருத்தச் சொன்னார். குற்றமென்றால் மூன்று பேருக்கும் குற்றம். அடித்தல் திருத்தல் இல்லை. சாயாத, ஒன்றையொன்று இடிக்காத எழுத்து.

ஐயம்பெருமாள் வாங்கிப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். மலரைத் திருப்பிப் பார்த்தார்.

“இது சார் போட்டோ போட்ட புக்குல்லாம்மா?”

“ஆமா. களவுச் சொத்து. அங்கன ஹால்ல கட்டுக் கட்டா இருக்கு. சாயந்திரம் மேடையில வச்சு எல்லார் கையிலயும் குடுக்கப் போறாவ. நீங்கதான் பந்தோபஸ்து.”

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “என்னம்மா இப்பிடிச் சொல்லுதிய… இத நான் ஃபைல்ல சேத்தா உங்க கடைய நாளைக்கே பூட்டிருவாவளே.”

“பூட்டு யாவாரிக்குத் தங்கச்சியாப் பொறந்துட்டு, பூட்டுக்குப் பயந்தா முடியுமா?”

முந்தானை முடிச்சை அவிழ்த்து லாக்கை எடுத்துத் தாளின்மேல் வைத்தாள். சந்தனம் வெடித்திருந்தது, குங்குமம் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது. எழுதுகிற கான்ஸ்டபிள் குனிந்து பார்த்து, ஏதோ சாமி காரியம் என்று நினைத்து, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

வாசலில் கார் நின்றது. சென்ட் வாசனை முதலில் வந்தது, அதற்குப் பின்னால் கோட்டு, அதற்குப் பின்னால் அண்ணன். வேர்வையில் கழுத்துப்பட்டை நனைந்திருந்தது. ஐப்பசிப் புழுக்கத்தில் திருநெல்வேலியில் கல்யாண மாப்பிள்ளைகூடக் கோட்டுப் போடுவதில்லை. ஐயம்பெருமாள் சல்யூட் அடித்தார். அடித்த கை இறங்கும்போது கொஞ்சம் தயங்கி இறங்கியது.

பாக்கியசீலன் எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த கைலியை அவசரமாக இறக்கிவிட்டான். “குட் ஆஃப்டர்நூன் சார். பயோடேட்டா பாத்தியளா சார்?”

குமரகுருபரன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். முருகன் படம் போட்ட காலண்டர். அதில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோல் அதையே பார்த்தார்.

“சார், ஆளு இவன்தானான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் ஐயம்பெருமாள்.

“எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்த ஆளைப் பாத்ததே இல்லை.” ஊர்ப்பேச்சு நாக்கிலிருந்து உதிர்ந்துபோயிருந்தது. “கையெழுத்து எங்கே போடணும்? எனக்கு ஃபங்ஷன் இருக்கு.”

பாக்கியசீலன் மறுபடியும் சுவரோரம் உட்கார்ந்தான். கடைவாயில் இருந்த வெள்ளையைப் புறங்கையால் மெல்லத் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அண்ணன் தங்கச்சியைப் பார்த்தார். “நீ எங்கே இங்கே? கார் நாலு மணிக்குல்ல வரும்?”

ஐயம்பெருமாள் நாற்காலியை இழுத்துப் போட்டார். டைப் அடித்த கம்பெனிப் புகாரை முன்னால் வைத்தார். பக்கத்தில் மலர், சிரிக்கிற முகம் மேலே தெரியும்படி. லாக்கை ஒதுக்கி, அடியில் இருந்த தாளை எடுத்து இரண்டுக்கும் நடுவில் வைத்தார். எல்லாவற்றையும் கோயில் காரியம் மாதிரி வரிசையாக வைத்தார்.

“இதையும் ஒரு தடவ பாத்துட்டுப் போடுங்க சார். ரெண்டும் ஒரே ஃபைல்லதான் போகும். நீங்க போட்டா ரெண்டும் நிக்கும்.”

குமரகுருபரன் தங்கப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டிருந்தார். தாளில் பார்வை விழுந்தது. வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே முகம் மாறியது. யாருடைய எழுத்து என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அந்த எழுத்தில் படித்துத்தான் இந்தப் பேனா வரைக்கும் வந்திருக்கிறார். மேல் வரியிலேயே கண் நின்றது. பேனா முனை புகாருக்கு மேலே, காகிதத்தைத் தொடாமல் நின்றது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். ஒரு சொட்டு வேர்வை மூக்கு நுனியிலிருந்து மலரின் அட்டையில் விழுந்தது.

சித்ரலேகா தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பைய, கூடப்பிறந்தவளுக்கே உரிய பாசத்தோடு கேட்டாள்:

“எழுத்து புரியுதாண்ணே? இல்ல, அன்னைக்கு மாதிரி வாசிச்சுக் காட்டணுமா?”